இரண்டு பேருக்கான கணவாய்

எங்கள் குடாநாட்டில் ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. எந்தத் திசையில் சைக்கிளை விட்டாலும் கடைசியில் கடல் வரும். அதற்கு முன் ஒரு மேடுகூட வராது. நுவரெலியாவுக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா போய், வளைவுகளில் பஸ் யன்னலால் தலையை நீட்டிச் சத்தியெடுத்ததுதான் எனக்கிருந்த ஒரே மலை அனுபவம். அப்படிப்பட்ட நான், ஐயாயிரம் மீற்றருக்கு மேலே இருக்கும் ஓர் இமயமலைக் கணவாயை நடந்து கடக்கப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தானும் கூட வருகிறார் என்றபடியால்தான் சிரிக்கவில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். இருவரும் எங்களோடுதான் இருக்கிறார்கள். புவியியல் படிப்பிக்கிறார். மலை பார்க்காத பிள்ளைகளுக்குச் சமவுயரக் கோடுகளை எப்படி விளங்கப்படுத்துகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கே விளங்காமல்தான் விளங்கப்படுத்திறன், மச்சான்," என்றார். "கோடு நெருங்கினா செங்குத்து எண்டு கரும்பலகையிலை எழுதுவன். நெருங்கின கோட்டிலை ஒருநாளும் கால் வைச்சதில்லை."

அந்தக் கிழமையே தொடங்கிவிட்டோம். அவர் தேர்ந்தெடுத்த இடம் நேபாளத்தின் வடமேற்கில், திபெத் எல்லையோரம் இருக்கும் டொல்போ. தெருவே இல்லாத நாடு. உப்பும் அரிசியும் கோவேறு கழுதை முதுகில்தான் போகும். மழைமேகம் மலைக்குத் தெற்கே நின்றுவிடுவதால், மற்ற இடமெல்லாம் நனையும் ஆகஸ்ட் மாதத்திலும் அங்கே நடக்கலாம். ஆகஸ்டில் பள்ளிக்கூட விடுமுறை. நான் எப்படியும் லீவு எடுக்கலாம். கணினி நிறுவனத்தில் வேலை, வீட்டிலிருந்து செய்வதும் உண்டு. எல்லாம் பொருந்தி வந்தது. ஒரேயொரு நிபந்தனை: அந்த எல்லைப் பகுதிக்குத் தனி ஆளுக்கு அனுமதி கொடுக்கமாட்டார்கள், ஆகக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும் என்று காத்மண்டுவில் நாங்கள் பிடித்த வழிகாட்டி எழுதியிருந்தார். அதை வாசித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாங்கள் இரண்டு பேர்தானே.

பயிற்சிக்கு மலை இல்லை, காற்று இருந்தது. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் காலத்தில் வல்லை வெளியை எதிர்க்காற்றில் நடந்து கடந்தவர்களுக்குத் தெரியும், சமதரையும் ஏற்றமாகலாம் என்று. முதுகுப்பைக்குள் அரிசியை நிரப்பிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் குனிந்தபடி நடப்போம். ஒருமுறை மினிபஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது. கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி பரிதாபமாகப் பார்த்தார்.

"கதிர்காமத்துக்கோ?"

"ஓம்," என்றார் அத்தான், விளங்கப்படுத்த மூச்சில்லாமல்.

"சந்நிதி கோயிலிலை இருந்து நடந்து வெளிக்கிட்ட சனம் எப்பவோ போட்டுதே. சரியாப் பிந்திட்டியள். அதோடை, நீங்கள் போறது மேற்குப் பக்கம்."

பஸ்ஸுக்குள் இருந்த ஓர் அம்மா எங்களுக்காக இரண்டு வாழைப்பழம் கொடுத்துவிட்டார். மறுக்க முடியவில்லை. ஒரு முருக பக்தனுக்குரிய அடக்கத்தோடு வாங்கிச் சாப்பிட்டோம்.

குளிருக்குத்தான் வழியே தெரியவில்லை. உள்ளே புகுந்து 'சிப்' இழுத்துக்கொண்டு படுக்கும் பஞ்சுப் பை ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்திருந்தோம். நாங்கள் அதற்கு நித்திரைப் பை என்று பெயர் வைத்தோம். வேர்க்குரு போடுகிற வெயிலில் அது குளிர் தாங்குமா என்று எப்படிப் பார்ப்பது? அத்தானின் மாணவன் ஒருவனுடைய தகப்பன் கொழும்புத்துறையில் மீன் வியாபாரம் செய்கிறவர். மீன்பெட்டி அடுக்குகிற குளிரறை ஒன்று வைத்திருந்தார். அத்தான் போய்க் கேட்டார். அவர் அத்தானையும் என்னையும் நித்திரைப் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சேர், வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை, இல்லை. ஒரு மணித்தியாலம் படுத்துப் பாக்க வேணும்."

"படுங்கோ. பாரை மீனுக்குப் பக்கத்திலை படாதேங்கோ, அது நாளைக்குக் கொழும்புக்குப் போறது. மாறி உங்களை ஏத்திப் போடுவாங்கள்."

முதலில் அத்தான் படுத்தார், பிறகு நான். கதவு சாத்தியதும் கேட்டது இயந்திரத்தின் உறுமல் மட்டும்தான். மூக்கு நுனி விறைத்தது. உடம்பு சூடாகவே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, இதுதான் கணவாய்க்குக் கீழே கடைசி முகாம் என்று நினைத்துப் பார்த்தேன். விடியும். கூடாரத் துணியில் உறைபனி படிந்திருக்கும். வெளியே அத்தான் நின்று, "எழும்பு மச்சான், வெளிச்சிட்டுது," என்பார். அந்தக் குளிரறையில் இருந்தபோதுதான் நான் உண்மையில் டொல்போவில் இருந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ படங்கள் பார்த்துவிட்டேன், அவ்வளவு கிட்டப் போகவில்லை.

பை குளிரைத் தாங்கியது. ஆனால் மீன் நாற்றத்தை முழுதாகக் குடித்துவிட்டது. அத்தான் அதைக் கொண்டுபோய் அறையில் கட்டில் மேல் விரித்துக் காயப் போட்டார். பின்னேரம் அறைக்குள் போன அக்கா ஓடிவந்து கிணற்றடியில் குந்தியிருந்து ஓங்காளித்தாள். நிறுத்த முடியவில்லை. நாங்கள் இருவரும் பையைக் குற்றவாளியாகத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம். அம்மா மட்டும் பையைப் பார்க்கவில்லை. அக்காவின் முதுகைத் தடவியபடி அவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை நாள் பிந்திப் போச்சு?" என்று மெதுவாகக் கேட்டார்.

கலியாணமாகி ஏழு வருஷம். எத்தனை கோயில், எத்தனை கிளினிக். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் உறுதிப்படுத்திய அன்று அத்தான் வாசலில் நின்ற தெரியாத மனிதர் ஒருவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மா அயலுக்கெல்லாம் சொல்லவும் முடியாமல் சொல்லாமல் இருக்கவும் முடியாமல் மதிலோரம் நடந்து திரிந்தார். நானும் சந்தோஷப்பட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கேள்வி இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது, அதுவும் சாப்பாட்டு மேசையில், அம்மா சொதியை ஊற்றிக்கொண்டிருந்தபோது.

"தம்பி, அந்த மலைப் பயணம்..." என்று அத்தானிடம் தொடங்கினார்.

எங்கள் பக்கத்தில் மனைவி பிள்ளை சுமக்கிறபோது கணவன் மலை ஏறமாட்டான். எழுதி வைத்த சட்டம் இல்லை. ஏன் என்று கேட்டால் யாருக்கும் காரணம் தெரியாது.

"பிள்ளைக்கும் சமவுயரக் கோட்டுக்கும் என்ன மாமி தொடர்பு?" என்று அத்தான் சிரித்தார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை. உங்கடை மனம்." அம்மா சொதிச் சட்டியை மூடினார். "கண்டறியாத மலை, அது எங்கையும் ஓடிப் போகாது."

நான் அத்தானைப் பார்த்தேன். அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. எனக்கும் இல்லை. அக்காவும், "எனக்கு உதுகளிலை ஒண்டும் இல்லை, நீங்கள் போட்டு வாங்கோ," என்றாள். ஆனால் சொல்லும்போது அவளின் கை வயிற்றில் இருந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். ஒன்றும் நடக்காது. ஆனால் ஏதாவது நடந்தால், வாழ்நாள் முழுக்க அந்த மலையின் பெயர்தான் சொல்லப்படும், யாரும் வாயால் சொல்லாவிட்டாலும். அவர் மெல்லச் சோற்றைப் பிசைந்தார்.

"நான் நிக்கிறன்," என்றார்.

அந்த மேசையில் நான் என்ன முகத்தை வைத்திருப்பது? ஏழு வருஷம் காத்திருந்த வீட்டில், கணவாய் போய்விட்டதே என்று ஒருவன் துக்கம் கொண்டாட முடியுமா? மாம்பழம் நல்ல இனிப்பு என்று சொல்லி எழும்பினேன்.

வழிகாட்டிக்குச் செய்தி அனுப்பினேன். அவர் உடனே பதில் எழுதினார்: தென்னிந்தியாவிலிருந்து ஒரு பெடியன் அதே நாட்களில் தனியாக வருகிறான், அவனுக்கும் இரண்டாவது ஆள் தேவை, இருவரையும் சேர்த்து அனுமதி எடுக்கலாம், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். நேரே அத்தானிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"நீ போ," என்றார், ஒரு கணமும் யோசிக்காமல். அன்றைக்கே என் பையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அடுக்கத் தொடங்கினார். பாரமானது முதுகோடு ஒட்டி இருக்க வேண்டும். மழைச்சட்டை மேலே. "ஏறக்கை வேகமாய்ப் போகாதை, உனக்குப் பரபரப்பு கூட. மூண்டாம் நாள் ஆறு ரெண்டாப் பிரியும், இடப்பக்கத்தாலை போ. கணவாயிலை ஏறி நிண்டவுடனை படம் எடுக்காதை. முதல் திரும்பி வந்த வழியைப் பார். பேந்து அங்காலை, மற்றப் பக்கம் பார். அங்காலை நிலம் நிறம் மாறும்."

போகாத இடத்தை அவர் அவ்வளவு தெளிவாகச் சொன்னார். கொழுக்கியை இழுத்து இறுக்கினார், பிறகு தளர்த்தினார், திரும்ப இறுக்கினார். அடுத்த இரண்டு நாளும் என்னோடு அவ்வளவாகக் கதைக்கவில்லை. எதிரே வந்தால் ஏதாவது வேலை இருப்பதுபோல் முற்றத்துக்கு இறங்கினார்.

வெள்ளிக்கிழமை நான் போகவில்லை என்று எழுதினேன். அத்தானுக்குக் கோபம் வந்தது.

"எனக்காக நிக்கிறியோ? என்னிலை பழியைப் போடாதை."

"உங்களுக்காக இல்லை. முன்பின் தெரியாதவனோடை அவ்வளவு தூரம் கதைக்காமல் நடக்க எனக்கு ஏலாது."

"அப்ப வாயை மூடிக்கொண்டு நடக்கப் பழகு, விசரா."

"உங்களோடை வந்தா மட்டும் மூடுவனோ?"

அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னது பாதிதான் உண்மை. மீதி என்னவென்றால், திரும்பி வந்து, அங்காலை நிலம் என்ன நிறம் என்று அவருக்குச் சொல்லுகிறவனாக நான் இருக்க விரும்பவில்லை. அவர் கேட்பார். நான் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை என்னால் தாங்க முடியாது.

ஆகஸ்ட் வந்தது. அந்தப் பக்கத்துக் காலநிலையை ஒவ்வொரு காலையும் ஃபோனில் பார்த்தேன். குறித்து வைத்திருந்த நாளில் கணவாய் மேலே தெளிவான வானம், காற்றும் குறைவு. அன்றைக்கு எங்கள் ஊரில் பூவரசம் இலைகூட அசையவில்லை. கணினிக்கு முன்னால் இருந்து ஒரு கடைக்காரரின் கணக்கு மென்பொருளுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். கால்கள் மேசைக்குக் கீழே தாங்களாகவே நடந்துகொண்டிருந்தன.

செப்டெம்பரில் வழிகாட்டி ஒரு படம் அனுப்பினார். அந்தப் பெடியனும் பிறகு சேர்ந்த இன்னொருவரும் கணவாயில் நிற்கிறார்கள். பின்னால் கயிற்றில் நிறநிறமாய் வேண்டுதல் கொடிகள். காட்டுவதா விடுவதா என்று யோசித்தேன். பிறகு அத்தானிடம் நீட்டினேன். ஆட்களை அவர் பார்க்கவேயில்லை. அவர்களின் காலடியை இரண்டு விரலால் பெரிதாக்கினார்.

"கல்லெல்லாம் கறுப்பு, பாத்தியோ. நான் மண்ணிறம் எண்டெல்லே நினைச்சிருந்தனான்."

"நானும்."

படத்தை இழுத்து இழுத்து ஓரங்களுக்குப் போனார். இரண்டு பேரின் தோள்களுக்கு நடுவே கொஞ்சம் வானம் தெரிந்தது, அவ்வளவுதான். அவர்கள் நின்ற இடம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

"அங்காலைப் பக்கத்துப் படம் இல்லையோ?"

"இதுதான் அனுப்பினவர். கேக்கட்டோ?"

அவர் ஃபோனைத் திருப்பித் தராமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். உள்ளே அக்கா ஏதோ கேட்டுக் கூப்பிட்டாள்.

"வேண்டாம்," என்றார், எழும்பியபடி. "கேக்காதை."

நான் கேட்கவில்லை.