பஸ் ஸ்டாண்டில் நிற்கும் அத்தை

எங்கள் டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் சீமெந்துச் சிலைகள் நிற்கின்றன. நகரம் உருவான கதையைச் சொல்ல டவுன் கவுன்சில் வைத்தவை. தொப்பி போட்ட துரை ஒருவர், ரயில் பாதை போட்ட கூலியாள் ஒருவர், நடுவில் தலையில் கூடைக் கயிறோடு தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண். அவளுக்கு என் அத்தையின் முகம். தாயில்லாத என்னை வளர்த்தவள் அத்தைதான்.

கொழும்பிலிருந்து வந்த சிலைக்காரர் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டு அவளைத் தேர்ந்தெடுத்தார். தோட்டத்துத் துரையும் அனுப்பிவைத்தார். பத்து நாள் கவுன்சில் மண்டபத்தில் வெறுங்கூடையோடு நின்றாள். "கொழுந்தே இல்லாத கூடைக்கு முழுப்பேர் போடுறாங்க புள்ள!" என்று சிரித்தாள். செய்த நாள்வேலையைக் கணக்கப்பிள்ளை பதிவதைத்தான் பேர் போடுவது என்போம். துரை அனுப்பிய வேலைக்குப் போனால், மலையில் இல்லாவிட்டாலும் பேர் விழும். தோட்டத்தில் அதுதான் சட்டம். வெளியிலும் அதுவே சட்டம் என்று நம்பியதுதான் நாங்கள் செய்த பிழை.

அந்த நாட்களில்தான் கடிதம் வந்தது. இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கேட்டு அவள் போட்டிருந்த மனுவுக்கு விசாரணை, நேரில் வரவேண்டும் என்றிருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை வாசித்துச் சொன்னவள் நான். தோட்டப் பள்ளியில் புதிதாக டீச்சராகியிருந்தேன், எல்லாம் தெரிந்துவிட்ட நினைப்பு வேறு. சிலைக்காரரோ அதே நாளில்தான் முகத்தை முடிக்க வேண்டும் என்றார். "நீ நில்லும்மா, ஆபீசுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றார் கவுன்சில் தலைவர்.

"போகாம இருந்தா ஒன்னும் ஆகாதே?" என்று அத்தை என்னைத்தான் கேட்டாள்.

"தலைவரே சொல்றாருல்ல, அத்தை. போகாட்டியும் பேர் விழுந்துடும்" என்றேன். அந்த வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நேரில் வராததால் மனு தள்ளுபடியானது. தலைவர் மறந்துவிட்டாராம். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினோம். ஓர் அதிகாரியிடம் அத்தை, "சந்தேகமா இருந்தா பஸ் ஸ்டாண்டுல வந்து பாருங்க சார், நான்தான் நிக்கிறேன்" என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதன்பிறகு அவள் எங்கேயும் எதுவும் கேட்கவில்லை.

சில வருடங்களில், கண்ணால் பார்த்தேயிராத இந்தியாவுக்கு அவளை அனுப்பினார்கள். வட்டகொடை ஸ்டேஷனுக்குப் போக டவுனில்தான் பஸ் ஏறினோம். சிலைக்கு முன்னால் யாரோ படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"அவளாவது இருக்கட்டும் புள்ள. அவளுக்கு யாரும் கடுதாசி போட மாட்டாங்க."

இரண்டு வருடத்தில் அங்கே இறந்துபோனாள். கடைசிவரை அந்த ஊரில் அவளைச் சிலோன்காரி என்றுதான் அழைத்தார்களாம்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அத்தையின் மனு தள்ளுபடியான மறுவருடம் எனக்கும் விசாரணைக் கடிதம் வந்தது. பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, ஆபீஸ் திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றேன். எனக்குக் கிடைத்தது. இன்றும் பஸ்ஸுக்காக அவள் எதிரில்தான் நிற்கிறேன், முகத்தை நிமிர்ந்து பார்க்காமல்.