கிணற்றில் போட்ட நெல்லிக்கட்டை

என் மேசையில் கடதாசிகள் பறக்காமல் இருக்க ஒரு நெல்லிக்கட்டை வைத்திருக்கிறேன். சாண் நீளத் துண்டு, தண்ணீரில் கிடந்து கறுத்துப்போனது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கிளிநொச்சியில் அப்பம் சுட்டு விற்ற அப்பக்கடை அக்கா நினைவுக்கு வருவார். கூடவே என் மண்டைக்கனமும் நினைவுக்கு வரும்.

ஐம்பதுகளின் கடைசியில் கிளிநொச்சிக்குச் சுகாதாரப் பரிசோதகராகப் போனேன். அதுவரை பலர் வாய்க்கால் தண்ணீரையே குடித்தார்கள். முந்தைய மாரி மழைக்காலத்தில் நெருப்புக் காய்ச்சல் என்னும் டைபாய்டு வந்து, அக்காவின் ஒரே மகள் தலைமயிர் எல்லாம் கொட்டி, மயிரிழையில் தப்பியிருந்தாள். நான் போய்ச் சேர்ந்த ஆண்டில்தான் பொதுக் கிணறு வெட்டி, உயரத்தில் தண்ணீர்த் தாங்கி கட்டி, தெருவோரம் குழாய்கள் வைத்தார்கள். இனி ஒரு பிள்ளையும் காய்ச்சலில் விழக்கூடாது என்று எனக்குள் சபதமே எடுத்துக்கொண்டேன்.

தண்ணீர் திறந்த அன்று, பம்ப் இயக்கும் பம்ப்காரர் காலையிலேயே கிருமி கொல்லும் தூளைத் தாங்கியில் அளந்து போட்டிருந்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. விறுவிறுவென்று ஏணியில் ஏறி இன்னொரு முறை கொட்டினேன். குழாயடி முழுவதும் ஆஸ்பத்திரி மணம். அந்தத் தண்ணீரில் மாக் கரைத்துச் சுட்ட அக்காவின் அப்பத்தை வாயில் வைத்தவர்கள் துப்பிவிட்டுப் போனார்கள். அவர் செம்போடு நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, புதுக் கிணத்துக்கு நெல்லிக்கட்டை போட்டனீங்களோ?"

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர் இனிக்கட்டும் என்று நெல்லிக்கட்டை கிடந்தது. ஆனாலும் சிரித்தேன். அரசாங்கக் கிணற்றில் விறகு போடுவதில்லை என்றேன். படித்த திமிர், வேறென்ன?

மறுநாள் குழாயடியில் ஒரு குடம்கூட இல்லை. சனம் பழையபடி வாய்க்காலுக்குப் போய்விட்டது. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது; மழை பெய்தால் ஊர் அழுக்கெல்லாம் வாய்க்காலில்தான் சேரும். அக்காவின் கடைக்குப் போனேன். அவர் பானையிலிருந்து ஒரு பேணியில் மொண்டு தந்தார்.

"நேற்றுப் பிடிச்ச குழாய்த் தண்ணி. என்ர பிள்ளைக்கு இனி வாய்க்கால் தண்ணி குடுக்கமாட்டன்."

குடித்தேன். மணம் போயிருந்தது. திறந்து வைத்தால் மணம் போய்விடும் என்று பரீட்சைக்குப் படித்தவன் நான். செய்து பார்த்தவர் அவர்.

"எனக்குத் தெரியும், சனத்துக்குத் தெரியாதே. கட்டையைப் போடுங்கோ, வருவினம்."

அவருடைய பெரிய கிடாரத்திலேயே, கிருமி சாகட்டும் என்று கட்டையைக் கொதிக்கக் கொதிக்க அவித்தேன். கூடிவந்த சனம் பார்க்க அவரே கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கினார். அப்போது நான் வாயைத் திறந்தேன்: "பிழை என்ர. நேற்று மருந்தை ரெண்டு தரம் போட்டிட்டன். இண்டைக்கு அளவாத்தான் போட்டிருக்கு." யாரும் ஏசவில்லை. பம்ப்காரர் மட்டும் மறுபக்கம் திரும்பிச் சிரித்தார். அக்கா முதல் குடத்தைப் பிடித்து மகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். பின்னால் குடங்கள் வரிசையாக வந்தன. அந்த மாரியில் அந்தத் தெருவில் ஒருவரும் காய்ச்சலில் விழவில்லை.

பிறகொரு கோடையில் கிணறு இறைத்தபோது, மேலே வந்த கட்டையில் ஒரு துண்டை வெட்டி எனக்குத் தந்தார்கள். அது தண்ணீரைச் சுத்தமாக்கியதா என்று கேட்டால் இன்றைக்கும் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் நான் இப்போது இருக்கும் பட்டினத்தில் புதுக் கிணறு வெட்டுகிறார்கள் என்று சென்ற வாரம் கேள்விப்பட்டதும், மேசையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து, நன்றாக அவித்து, வெயிலில் காய வைத்திருக்கிறேன்.