கேசவன் அங்கிளின் மைக்

நியூ ஜெர்சியில், ஐசலின் என்ற ஊரின் இந்தியக் கடையொன்றில் கறிவேப்பிலை பார்த்துக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: கேசவன் அங்கிள் போய்விட்டார். அடுத்த நிமிடமே எங்கள் தமிழ்க் குழுவில் ‘தங்கமான மனுஷர்’ என்று வரிசையாக விழத் தொடங்கியது. அடப் பாவிகளா! அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் நம்மில் யார்?

கப்பல் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நியூ ஜெர்சிக் கடலோரத்தில், ஐரிஷ்காரர்கள் நிறைந்த சிற்றூரில் வீடு வாங்கினார். கோடைதோறும் அவர்கள் நடத்தும் கடல் திருவிழாவில் மைக் அவர் கையில்தான். துடுப்புப் படகுப் போட்டி, மாலுமிப் பாட்டு, பாதிரியார் படகுகளுக்குத் தீர்த்தம் தெளிப்பது என்று எல்லாவற்றுக்கும் நம்மையும் கூப்பிடுவார். போனால் மானம் போகும். ஒருமுறை என் கணவர் படகில் ஏறி வாந்தி எடுத்தார். “நம்மாளு கடலுக்கு சாம்பார் ஊத்துறாருப்பா!” என்று மைக்கில் சொல்லி, அதை ஆங்கிலத்திலும் விளக்கினார். கரையே சிரித்தது. நானும் சிரித்தேன், அது வேறு விஷயம்.

விழா முடிவில், கடலில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து, பெயருக்கொரு பூவை அலையில் விடுவார்கள். என் தம்பி பாபு மகாபலிபுரத்தில் குளிக்கப் போய் அலையோடு போனவன். உடல்கூடக் கிடைக்கவில்லை. கிரீன் கார்டு சிக்கலில் நான் ஊருக்குப் போகவும் முடியவில்லை. கடலுக்கு முன்னால் அவன் பெயரை ஒருமுறையாவது யாராவது சத்தமாகச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று தவித்தேன். அங்கிளிடம் கேட்டேன்.

“கடல் எடுத்துக்கிட்டவங்க வேற, கடல்ல போய் விழுந்தவங்க வேறம்மா. பிக்னிக் போனவனுக்கெல்லாம் பூ போட்டா அட்லாண்டிக் தாங்காது” என்றார். சுற்றி நின்ற நம்மவர்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. கார் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன்.

அவர் படுக்கையில் விழுந்ததும், இனி பெயர்களை யார் வாசிப்பது என்று விழாக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். என்னைக் கைகாட்டியது அவரேதான். “அந்தப் பொண்ணு அழுது முடிச்சாச்சு. இனிமே அழாம வாசிக்கும்” என்றாராம்.

நேற்று அவர் மனைவி சரோஜா ஆன்ட்டி போன் செய்தார். “அவர் பேரையும் வாசிச்சிடும்மா. வாழ்க்கை பூரா கப்பல்லதானே கிடந்தார்.”

“அங்கிள் ஹாஸ்பிட்டல் பெட்ல போனவர், ஆன்ட்டி. கடல் அவரை எடுத்துக்கலையே” என்றேன்.

“நீயும் அவரை மாதிரியே பேசுறே” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இந்தக் கோடையில் முதல் பெயர் பாபுவுடையது. கேசவன் அங்கிளின் பெயரை நான் வாசிக்கப் போவதில்லை. அவரிடமிருந்து எனக்கென்று வந்தது இந்த நாக்கு ஒன்றுதான். நன்றாகவே வேலை செய்கிறது.