பொன்னுசாமி தொடாத கம்ப்யூட்டர்

போன வாரம் செல்போனில் கரண்ட் பில் கட்டினேன். அரைமணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு பணம் போய்ச் சேர்ந்தது. உடனே ஒரு கேள்வி... எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்? ஐந்தையும் அழுத்திவிட்டேன். கேட்டுவிட்டார்களே, முகத்துக்கு நேரே எப்படிக் குறை சொல்வது?

எங்கள் கொங்கு மரியாதை இது. தொண்ணூறுகளில் ஒரு பெண்ணின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் நான் அப்போது ஆபீஸ் மேனேஜர். இஸ்திரி நீராவியும் புதுத்துணி வாசமும் கலந்த அந்த பேக்கிங் செக்‌ஷனுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. எந்த ஆர்டரில் எத்தனை பெட்டி தயார் என்று காட்டுவதற்கு. புரோகிராம் எழுதியவர் கோவையிலிருந்து வந்த கலைச்செல்வி. தினமும் மாலை விவரத்தை ஏற்ற வேண்டியவர் சூப்பர்வைசர் பொன்னுசாமி.

அவர் அதற்குச் சந்தனம் வைத்தார், பூ வைத்தார், துணி போட்டு மூடினார். தொட மட்டும் இல்லை.

முதலாளி கெடு வைத்துவிட்டார். மாதக் கடைசிக்குள் ஓடவில்லையென்றால் மெஷினும் போகும், கலைச்செல்வியும் போக வேண்டியதுதான்.

நான் முறைப்படி சர்க்குலர் போட்டேன். பயிற்சி வகுப்பு வைத்தேன். வந்தவர்களிடம் கையெழுத்தும் வாங்கினேன். நடைமுறையில் ஓட்டையே கிடையாது — பலனும் கிடையாது.

என்ன சிரமம் என்று கலைச்செல்வி நேரிலேயே போய்க் கேட்டார். அருமையாக இருக்கிறது என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார் பொன்னுசாமி.

மறுநாள் அந்தப் பெண் கூசாமல் ஒரு பொய் சொன்னார்.

"இது நான் எழுதுனதில்லீங்கண்ணா. பெங்களூர்க்காரங்க வேலை. தப்பு கண்டுபிடிக்கத்தான் என்னைய அனுப்பியிருக்காங்க."

பொன்னுசாமி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்படீங்களா? அப்பச் சொல்றனுங்க. ஒரு கட்டையைத் தப்பா அமுக்குனா கீச்சுனு கத்துதுங்க. மொத்த செக்‌ஷனும் திரும்பிப் பாக்குது. நேத்து வேலைக்கு வந்ததெல்லாம் சிரிக்குதுங்க. அப்பறம் நான் எப்படி அதுகளை அதட்டி வேலை வாங்கறது?"

கலைச்செல்வி அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டார். வேறெதையும் மாற்றவில்லை.

அன்று மாலை பொன்னுசாமி உட்கார்ந்தார். தப்பாக அழுத்தினார், திருத்தினார், மறுபடி தப்பாக அழுத்தினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாதக் கடைசியில் முதலாளிக்கு எல்லா ஆர்டரின் விவரமும் கம்ப்யூட்டரிலிருந்தே போனது. கலைச்செல்விக்கு வேலை நிலைத்தது.

உண்மை எப்படியோ பொன்னுசாமிக்குத் தெரிந்துபோயிற்று. "அந்தப் புள்ளகிட்டயேவா அத்தனையும் சொன்னேன்" என்று என்னிடம் வந்து நொந்துகொண்டார். அதோடு சரி, அப்புறம் அந்த புரோகிராமில் ஒரு குறையும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

அடுத்த புரோகிராமுக்கு, பாவம், கலைச்செல்வி பழியை ஹைதராபாத்காரர்கள் மேல் போட வேண்டியதாயிற்று.