ஓரக்கண்ணில் தெரிந்தது

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் எந்த ‘ர’ வரும் என்று இன்றைக்கும் தடுமாற்றம்தான். தப்பிருந்தால் நீங்களே திருத்திப் படித்துவிடுங்கள்.

நேற்று ராத்திரி நாகலூரில் கரண்டு போயிற்று. வாசலில் வந்து நின்றேன். வெகுநாள் கழித்து வானம் கருப்பாக இருந்தது. கழுத்தை நிமிர்த்தி அசுவினியைத் தேடுவதற்குள் எதிர்மேட்டு விடுதியில் ஜெனரேட்டர் உறுமி அத்தனை விளக்கும் எரியத் தொடங்கிவிட்டன. ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் என் மூக்குக்குப் புளித்த காப்பித்தோல் வாடை வந்துவிட்டது. அந்த வாடை இல்லாமல் எனக்கு நட்சத்திரம் ஞாபகம் வராது.

கல்யாணமான புதிதில் நான் எஸ்டேட்டில் களத்துக் காவல். காயவைத்த காப்பியை மாலையில் குவித்துத் தார்ப்பாயால் மூடி, பக்கத்திலேயே படுத்துக்கொள்வேன். எஸ்டேட் முழுக்க சில்வர் ஓக் மரங்கள் அடைத்து நிற்கும். வானம் முழுதாகத் தெரிகிற இடம் காப்பிக் களம் ஒன்றுதான். அதனால் ரைட்டரய்யா தன் தொலைநோக்கியை அங்கேதான் தூக்கி வருவார். தகரக் குழாய், அடியில் அவரே மாதக்கணக்கில் தேய்த்த கண்ணாடி. பகலில் ஆபீசில் ஆள் வருகை எழுதுகிற மனிதர், இரவில் ஒரு நோட்டில் வானத்தில் புகைபோலத் தெரிவதையெல்லாம் பென்சிலால் வரைவார்.

"வா கண்ணு, பாரு. அசுவினிக்குப் பக்கத்துல பஞ்சாட்டம் ஒண்ணு இருக்கும். அது ஒரு நட்சத்திரக் காடு. தெரியுதா?"

ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மேலே இருக்கிறவர்கள் எது கேட்டாலும் ஆமாங்க சொல்லிப் பழகிய வாய்.

"நொம்ப நல்லாத் தெரியுதுங்க."

"எப்படி இருக்குது?"

"வெள்ளையா, அழகா இருக்குதுங்க."

"குழாய் மூடியே இன்னும் எடுக்கலியே சாமி!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லு. எனக்கு உன்ற பார்வைதான் வேணும், மரியாதை வேண்டாம்" என்றார்.

மூடியை எடுத்த பிறகும் இருட்டுதான். அவருக்குக் கோபமோ என்று பார்க்க, குழாயில் கண்ணை வைத்தபடியே ஓரமாகப் பார்வையை நகர்த்தினேன். அப்போது வந்தது. கண்ணாடியில் விட்ட மூச்சு கலைவதற்கு முன் இருக்குமே, அப்படி ஒரு வெண்மை. நேராகப் பார்த்தால் மறைந்தது. ஓரமாகப் பார்த்தால் வந்தது. மங்கலானதை எல்லாம் அப்படித்தான் பார்க்க வேண்டுமாம். எனக்கு அது சுலபம். பெண் பார்க்கப் போனபோதே எதிரில் நின்றவளை நான் நேராகப் பார்க்கவில்லை. இன்றும் சொல்லிக் காட்டுகிறாள்.

மூன்றாம் வருஷம் ரைட்டரய்யா தினமும் "பனி, ஆகாசம் சரியில்ல" என்று சொல்லத் தொடங்கினார். எனக்குப் பனி எதுவும் தெரியவில்லை. ஒரு நாள் நெடுநேரம் குழாயில் குனிந்து நின்றவர், விலகி, "நீ பாரு. பஞ்சு தெரியுதா?" என்றார்.

குரலிலேயே புரிந்துவிட்டது. நான் இல்லை என்றால் பனி. இருக்கிறது என்றால் அவர் கண் போய்க்கொண்டிருக்கிறது.

ஓரமாகப் பார்த்தேன். என்றையும்விடத் தெளிவாக இருந்தது.

"தெரியலீங்க ஐயா."

"அப்பப் பனிதான்."

நிம்மதியாகக் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டார். களத்துப் படியைக் காலால் தடவித் தடவி இறங்கினார். எனக்கு அன்று தூக்கமில்லை. காலையில் ஆபீஸ் ஜன்னலருகே போய் நின்றேன்.

"ஐயா, நேத்து பஞ்சு தெரிஞ்சதுங்க."

பேனாவை வைத்தார்.

"மூடிய எடுத்திருந்தனா?"

"எடுத்திருந்தீங்க."

அந்த வாரமே சேலத்துக்குப் பஸ் ஏறினார். ஒரு கண்ணைத்தான் காப்பாற்ற முடிந்தது. அந்தக் கண்ணுக்கும் பஞ்சு தெரியவில்லை. அதன் பிறகு நான் பார்த்துச் சொல்ல, அவர் வரைவார்.

"இப்படியா?"

"இன்னுங் கொஞ்சம் மங்கலாங்க."

"இதுக்கு மேல மங்கலாக்குனா வெறுங் காகிதம்தான் சாமி!"

அவர் வேலை முடிந்து மலையை விட்டுக் கீழே இறங்கிப் போய்ப் பல வருஷமாகிறது. களத்தில் இப்போது விடுதிக்கு வருகிறவர்களின் கார்கள் நிற்கின்றன. நான்கு மூலையிலும் வெள்ளை விளக்கு. இன்று இருட்டியதும் அங்கே போய் நின்றேன். நேராகவும் பார்த்தேன், ஓரமாகவும் பார்த்தேன். அசுவினியே இல்லை, பஞ்சுக்கு எங்கே போவது. பக்கத்தில் அவர் நின்று கேட்டிருந்தால் இந்த முறை பொய்யில்லாமல் சொல்லியிருப்பேன், தெரியலீங்க ஐயா என்று.

தை அமாவாசை, சனிக்கிழமை.