ஒரு திருகாணியைக் கழற்றும்வரை

போன ஆண்டு தீபாவளி முடிந்து வந்த ஒரு சனிக்கிழமை, துறைமுகத்துக்குப் பக்கத்து ஊரான பண்டமாரானில் நடந்தது இது. எனக்கும் என் கணவருக்கும் மீன் பிடிக்கப் போவதென்றால் உயிர். அவர் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்; நான் ஒரு லோரி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். படகுத்துறையில் நின்று தூண்டில் போட்டது போதும், பழைய பைபர் படகு ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

படகைப் பரிசோதிப்பது என் பொறுப்பு. யாராவது சிரித்துப் பேசினாலே என் கணவர் தலையாட்டிவிடுவார். அதனால் வீடியோக்களாகப் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். படகின் பின்பலகையில்தான் இஞ்சின் தொங்கும். அந்தப் பலகைக்கு வெளியே பைபர், உள்ளே மரம். ஒரு சின்னத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினாலும் போதும், மரம் மெல்ல மக்கிவிடும். வெளியே பளபளப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

விற்பவருக்கு நாற்பது வயதிருக்கும், நம் தமிழர்தான். படகை வீட்டு முன்னால் டிரெய்லரில் நிறுத்தியிருந்தார். புதுப் பெயின்ட்டில் அழகாக இருந்தது. அவர் மனைவி ஐஸ் போட்டு சிராப் சர்பத் கலக்கிக் கொடுத்தார். நான் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் பின்பலகையைத் தட்டிக்கொண்டே வந்தேன். ஓரத்தில் ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்டது. இஞ்சின் பக்கம் வந்ததும், நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல ‘தொப் தொப்’ என்றது.

"அண்ணே, உள்ள மரம் ஊறிப்போயிருக்குன்னு நெனைக்கிறேன்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "போன மாசம்தான் கடலுக்குப் போய்ட்டு வந்தேன் லா. ஒண்ணும் இல்ல."

என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். பிடிக்கவில்லையென்றால் போய்விடலாம், வம்பு எதற்கு என்பது அவர் எண்ணம். நானும் கிளம்பத்தான் இருந்தேன். அப்போதுதான் வேலிக் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த உயிர்காப்புச் சட்டைகள் கண்ணில் பட்டன. அவற்றில் இரண்டு, சின்னப் பிள்ளைகளின் அளவு.

நான் பார்ப்பதைக் கவனித்த அவர் மனைவி சிரித்தார். "விக்கிறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவ. நாளைக்குக் காலையில பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போறோம் அக்கா."

அதற்குப் பிறகு என் கால் நகரவில்லை.

"அண்ணே, படகு எனக்கு வேண்டாம். பின்பலகையில கீழ இருக்கிற ஒரே ஒரு ஸ்க்ரூவ மட்டும் கழட்டிப் பாருங்க. நல்லா இருந்தா மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

"வாங்கலன்னா போங்க லா! என் படகு எனக்குத் தெரியும்."

"நீங்க கழட்டுற வரைக்கும் போக மாட்டேன்."

பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். என் கணவர் கூனிக் குறுகி நின்றார். நான் சொன்னது தப்பாக இருந்தால் எனக்கு அவமானம், அவ்வளவுதான். சரியாக இருந்துவிட்டால்? வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் அவர் மனைவியே சொன்னார்: "கழட்டித்தான் பாருங்களேன்."

படகுக்காரர் கோபத்தோடு கழற்றினார். திருகாணி இறுக்கமே இல்லாமல் வந்தது. பின்னாலேயே பழுப்புத் தண்ணீர் வழிந்தது. துளைக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டு நோண்டினார்; வேகவைத்த தேயிலைச் சக்கைபோல மரம் வந்தது. பிறகு எழுந்து, இஞ்சினைப் பிடித்துத் தன் முழுக் கனத்தையும் போட்டு அழுத்தினார். பலகை வளைந்து, மூலையில் பெயின்ட்டோடு சேர்ந்து ஒரு விரிசல் வாய் திறந்தது.

"நடுக் கடல்ல பலகையே இஞ்சினோட பிச்சுக்கிட்டுப் போயிருக்கும்" என்றார், யாரையும் பார்க்காமல். அவர் மனைவி சட்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சில வாரம் கழித்து அவரே போன் செய்தார். பலகையை வெட்டிப் பார்த்தாராம், படகின் தரைவரைக்கும் மக்கியிருந்ததாம். அடுத்து வாங்க வந்தவரிடம் தானே எல்லாவற்றையும் சொல்லி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். நாங்களும் பிறகு வேறு படகு ஒன்று வாங்கிவிட்டோம்.

நமக்கு வேண்டாம் என்று ஆனதும் பேசாமல் நடையைக் கட்டுவதுதான் மரியாதை என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போதெல்லாம், எனக்குத் தெரிந்த ஆபத்தை எதிரில் இருப்பவரும் தெரிந்துகொள்ளும்வரை, அவர் எவ்வளவு கோபப்பட்டாலும், நான் இடத்தைவிட்டு எழுந்திருப்பதில்லை.