நாலு பேர் மதிக்கிற வண்டி

வெல்டிங் பட்டறைக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரும்பு கேட்டுகளை ஏற்றிப்போக ஒரு பிக்கப் வண்டி வாங்கத்தான் கணவனை அனுப்பினாள். பின்பக்கம் நீளமாக இருக்கட்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவனோ முன்னால் இரண்டு வரிசை சீட்டும், பின்னால் ஒரு ஆள் காலை நீட்டக்கூடப் போதாத இடமுமாய்ப் பளபளவென்று ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினான். செய்து முடித்த கேட்டை ஏற்றிப் பார்த்தால் பாதி வெளியே தொங்கியது.

“இதை எதுக்குங்க வாங்கினீங்க?”

“நாலு பேர் நம்மள மதிக்க வேணாமா? முதல்ல அதை இறக்கு, பெயின்ட்ல கீறல் விழுந்துடப் போகுது.”

கையுறையைக் கழற்றி அவன் காலடியில் எறிந்தாள்.

“மதிக்கிற அந்த நாலு பேரையும் வரச் சொல்லுங்க. கேட்டைத் தோள்ல தூக்கிட்டு முன்னால நடக்கட்டும். நீங்க பின்னாலயே வண்டியில வாங்க!”